உன் படத்து விளக்கும் எஞ்சின் பேட்டரியும்

கடலில் எங்கே கிடக்கிறாய் என்று இன்றுவரை தெரியாத என் அண்ணனுக்கு,

உன் படகை இப்போது உன் மகன் ராபின் ஓட்டுகிறான். எஞ்சினுக்குப் பக்கத்தில் நீ பொருத்திய சுவிட்ச் அப்படியே இருக்கிறது. ஒன்றில் வைத்தால் எஞ்சினைக் கிளப்பும் பேட்டரி, இரண்டில் வைத்தால் விளக்குகளின் பேட்டரி, நடுவில் வைத்தால் இரண்டும் சேர்ந்து. எஞ்சின் ஓடும்போது நடுவில் வைத்து இரண்டுக்கும் சார்ஜ் ஏற்றுவாய். நிறுத்தியதும், விளக்குகள் எஞ்சின் பேட்டரியைத் தின்றுவிடக் கூடாது என்று உன் கை தானாக இரண்டுக்குப் போகும்.

நீ போன பிறகு உன் மனைவி, என் மயினி, உன் படத்தைப் படகில் மாட்டி, ஒரு சிறு விளக்கும் வைத்தார். கரையில் நிற்கும் நாளிலும் அது அணையக் கூடாது என்று சொல்லிவிட்டார். விளக்குப் பேட்டரி தளர்ந்து வெளிச்சம் மங்கவே, ராபின் சுவிட்சை நடுவிலேயே விட்டுவிட்டான்.

போன வாரம், கரையில் முனகிக் கிளம்பிய எஞ்சினை விழிஞம் துறைமுகத்துக்கு வெளியே வலை இழுக்க நிறுத்தினார்கள். மறுபடி கிளம்பவில்லை. காற்று படகைப் பாறைப் பக்கம் தள்ளியிருக்கிறது.

"டிக்குண்ணு ஒரு சத்தமாக்கும் சித்தப்பா. பின்ன ஒண்ணும் இல்ல."

கரையேறியதும் டெலிபோன் பூத்திலிருந்து ராபின் சொன்னான். பாறையில் அலை உடையும் சத்தம் கேட்ட பிறகுதான் இன்னொரு படகு வந்து கயிறு வீசியது. வீசியவர் கேட்டாராம்: "எலே, அப்பனுக்க போட்டைப் பாறைக்கா கெட்டிக் குடுக்கப் போற?"

படகு விளக்கை அணைக்க வேண்டும் என்று மயினியிடம் நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. "அத அணச்சா, நம்ம போட்டு எதுண்ணு அவிய எப்பிடிக் கண்டுபிடிப்பாவ?" என்றார். பத்திரிகைக்காரனாக எத்தனை மரணங்களைச் செய்தியாக எழுதியிருக்கிறேன்? உன் மரணத்தை அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ராபின்தான் சொன்னான்: "எனக்குக் கரைக்கு வரணும், அம்மா."

இன்று மதியம் மயினியே படகில் ஏறி விளக்கைக் கழற்றினார். படம் மட்டும் அங்கே இருக்கிறது. படகுக்குப் புதுப் பேட்டரி வைத்தாயிற்று. தளர்ந்த பழையதை வீட்டுக்குக் கொண்டுவந்து, சன்னலில் விளக்கை அதில் மாட்டியிருக்கிறோம். அதன் அருகே மயினி கடலைப் பார்த்தபடி இருக்கிறார்.

ராபின் மறுபடி கடலுக்குப் போய்விட்டான். இருட்டில் தொங்கும் உன் முகத்தை நினைத்தால் பயமாக இருக்கிறது. அந்தச் சுவிட்சை நினைத்தால் அதைவிடப் பயம். எஞ்சினை நிறுத்தும்போது அவன் கை இரண்டுக்குப் போகுமா?

அவன் கரைக்கு வரும்போதெல்லாம் நானே ஏறிப் பார்ப்பேன். வீட்டு விளக்கு மங்கும் முன்பு பேட்டரியைச் சுமந்துபோய்ச் சார்ஜ் ஏற்றி வருவேன். இது என் வாக்கு. நீ வர நினைத்தால் இனிப் படகைத் தேடாதே, அண்ணா. நேரே வீட்டுக்கு வா.

கரையில் காவல் நிற்கும்
உன் தம்பி