நுனிநாக்கில் கசப்பு

பவ வருஷம், ஐப்பசி 6, திங்கள்

காலை முதல் தூறல். குடைக் கம்பி ஒன்று முறிந்தது. ஹெட்மிஸ்ட்ரஸ் கூப்பிட்டனுப்பினார். வெள்ளிக்கிழமை இன்ஸ்பெக்ட்ரஸ் வருகிறாராம், என் வகுப்பைத்தான் பார்ப்பாராம். பாடம்: நாக்கு. பிடித்துப்போனால் வேலை நிரந்தரம். இல்லாவிட்டால் இந்த மாதத்தோடு சரி. அப்புறம் அண்ணா வீட்டில் அடுப்பூதிக்கொண்டு கிடக்க வேண்டியதுதான். பதினாறு வயதில் தாலி இழந்தவளுக்கு வேறென்ன வழி?

வேண்டியவை: சர்க்கரை, உப்பு, புளித்தண்ணீர், நிலவேம்புக் கஷாயம்.

செவ்வாய்

இங்கிலீஷ் புத்தகம் முழுதும் படித்தாயிற்று. நாக்கில் சிறுசிறு மொக்குகள். எச்சிலில் கரைந்த பண்டம் மொக்குக்குள் புகுந்தால் உள்ளே இருக்கும் கண்ணறைகள், அதாவது 'செல்'கள், விழித்துக்கொள்ளும். அங்கிருந்து நரம்பு வழியாக மூளைக்குச் செய்தி. எச்சில் எச்சில் என்று இந்த வீட்டில் எத்தனை முறை கை கழுவுகிறோம்! அது இல்லாவிட்டால் ருசியே கிடையாதாம். நாக்கைத் துணியால் துடைத்துவிட்டுச் சர்க்கரை வைத்தேன். நிஜம். வெறும் மணல்.

புத்தகத்தில் படமும் உண்டு. இனிப்பு நுனியில், கசப்பு அடிநாக்கில் மட்டும். கஷாயத்தைத் தூக்கி ஊற்றிக்கொண்டேன். தொண்டையில்தான் கசந்தது. அண்ணாவும் தூக்கி ஊற்றிப் பார்த்தார். "சரியாத்தான் எழுதியிருக்கான்" என்றார். அவர் கோயில் மடைப்பள்ளியில் தளிகை செய்கிறவர். பெருமாள் அமுது செய்யும் முன் ஒரு பருக்கை நாக்கில் படாது, வாசனையிலேயே உப்பு சொல்லிவிடுவார். அவரே சொன்ன பிறகு என்ன?

புதன்

வகுப்பில் ஒத்திகை. எல்லாப் பெண்களும் அண்ணாந்து வாங்கிக்கொண்டார்கள். "அடிநாக்கு, டீச்சர்!" ஒரே குரல். தறிக்காரர் மகள் முனியம்மா மட்டும் கரண்டியை நக்கிவிட்டு நின்றாள்.

"எனக்கு நுனியிலயே கசக்குதும்மா. உள்ளார போவவே இல்ல."

"புத்தகத்தைவிட உனக்குத் தெரியுமோ? உட்கார்" என்றேன். உட்கார்ந்தாள். முகம் சுண்டிப்போயிற்று.

சாயங்காலம் முழுதும் அந்த முகம்தான் கண் முன்னால். ஈர்க்குச்சியில் பஞ்சு சுற்றி, கஷாயத்தில் தோய்த்து, நுனிநாக்கில் மட்டும் தொட்டேன்.

கசந்தது. ஓரத்தில் வைத்தேன். கசந்தது. சர்க்கரை அடிநாக்கிலும் இனித்தது. நட்டநடுவில்தான் மந்தம்.

புரிந்தது. நாங்கள் யாரும் உதட்டில் படவிட்டதே இல்லை! தூக்கி ஊற்றினால் நுனிக்கு எங்கே கிடைக்கும்? நேரே தொண்டைதான். எங்கள் ஆசாரம் புத்தகத்துக்குச் சாட்சி சொல்லிவிட்டது.

வியாழன்

முனியம்மாவிடம் எல்லார் முன்னாலும் "நீ சொன்னதுதான் சரி" என்றேன். சிரிப்பை அடக்கத் தெரியவில்லை அவளுக்கு. எனக்கும்தான்.

அண்ணாவிடம் சொன்னேன். குச்சியைத் தொட மாட்டேன் என்றுவிட்டார். "எச்சில் குச்சி! புஸ்தகத்தை எதிர்த்துப் பேசி வேலையைத் தொலைச்சுக்காதே. படத்துல இருக்கறதச் சொல்லிட்டு வா."

பயமாகத்தான் இருக்கிறது. குச்சி நாற்பது, ஆளுக்கொன்று. பஞ்சு சுற்றி முடித்தாயிற்று.

வெள்ளி

வெயில். நல்ல சகுனம் என்று வைத்துக்கொண்டேன்.

பெண்கள் ஒவ்வொருத்தியாக "நுனியிலும் கசக்கிறது" என்றார்கள். இன்ஸ்பெக்ட்ரஸ் மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டார்.

"புத்தகத்தில் அப்படி இல்லையே, அம்மா?"

"நாக்கில் அப்படி இருக்கிறதே, அம்மா" என்று புதுக்குச்சி ஒன்றை நீட்டினேன்.

வாங்கிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். இந்தப் பக்கம் திரும்பியபோது முகம் அஷ்டகோணல். முனியம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். அவர் நோட்டில் எழுதியதை ஹெட்மிஸ்ட்ரஸ் பிறகு படித்துக் காட்டினார்: படத்தை நம்பாமல் செய்து பார்த்துச் சொல்லிக்கொடுக்கிறார், நிரந்தரம் செய்யலாம்.

நிரந்தரம்! பள்ளிக்கூடத்திலிருந்து வீடு வரை தரையில் கால் பாவவில்லை. நான் கெட்டிக்காரிதான். இங்கே எழுதிக்கொள்ள என்ன வெட்கம்?

அண்ணா கேட்டுவிட்டுக் கையை நீட்டினார். "கொண்டா அந்தக் குச்சியை." நுனிநாக்கில் தொட்டார். முகம் சுளித்தார்.

"அப்போ இத்தனை வருஷமா காப்பி என் நுனிநாக்குக்கு எட்டவே இல்லையாடி?"

காப்பி கலந்து கொடுத்தேன். வழக்கம்போல டம்ளரைத் தூக்கினார். வாசலை ஒருமுறை எட்டிப் பார்த்தார். இறக்கி, உதட்டில் வைத்துக்கொண்டார்.