குயில் இறகு என்று நான் சாதித்தது

இன்று காலை காரிடாரைப் பெருக்கும்போது ஓர் இறகு கிடந்தது. என் உள்ளங்கையை விட நீளம். துடைப்பத்தைப் போட்டுவிட்டு, பக்கத்தில் உன் வீட்டு வாசலில் தொங்கும் கூண்டைத்தான் முதலில் பார்த்தேன். அங்கே இப்போது திருச்சியிலிருந்து வேலைக்கு வந்த ஒரு பெண் வாடகைக்கு இருக்கிறாள், இரண்டு லவ் பேர்ட்ஸ் வளர்க்கிறாள். இரண்டும் உயிரோடு இருந்தன. கறுப்பி என் செருப்பு அலமாரி மேல் படுத்திருந்தது. உன் பூனைக்காக நான் பயந்ததை நீ பார்த்திருந்தால் சிரித்திருப்பாய்.

பல வருஷத்துக்கு முன்னால், அன்றைக்கும் கறுப்பி அதே இடத்தில்தான் நின்றது. இறந்துபோன என் வீட்டுக்காரர் விட்டுப்போன மணிப்புறா, என் வாசல் கூண்டுக்குள் தலையில்லாமல் கிடந்தது. கூண்டுக் கதவு மூடியே இருந்ததை நான் யோசிக்கவில்லை. பூனை பக்கத்தில் நின்றது, எனக்கு அது போதும். புளோக் முழுக்கக் கேட்கும்படி கத்தினேன். தெருப்பூனைக்குச் சோறு போட்டு வளர்த்துவிட்டவள் என்று உன்னையும் சேர்த்துத் திட்டினேன். உடனே தெருப்பூனை பிடிக்கிற ஆபீசுக்கு ஃபோன் போட்டுப் புகாரும் கொடுத்தேன். மறுநாள் பத்து மணிக்குப் பிடிக்க ஆள் வரும் என்றார்கள். பிடித்துப் போனால் அது திரும்பாது என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

நீ பதிலுக்குக் கத்தவில்லை. கூண்டுக்கு அடியில் கிடந்த இறகை எடுத்து, இது உன் புறாவுடையது இல்லையே என்றாய். பெண் குயிலுக்கு உடம்பெல்லாம் வரி இருக்கும், கீழே மரம் பூராவும் குயில்தான், பேச்சை மாற்றாதே என்றேன்.

கொளுத்தும் வெயிலில் பஸ் ஏறித் தேக்கா மார்க்கெட்டில் பறவைத் தீவனம் விற்கும் பாயிடம் போயிருக்கிறாய். சாயங்காலம் வந்து தட்டினாய். நான் இரும்புக் கேட்டைத் திறக்கவில்லை. கம்பி வழியாக இரண்டு இறகுகளை நீட்டினாய். மரத்தடியில் பொறுக்கிய குயில் இறகில் வெள்ளை வரிகள் நெருக்கி நெருக்கி, எண்ண முடியாமல். மற்றதில் கட்டைவிரல் அகலத்தில் கறுப்புப் பட்டை, மொத்தமே நான்கு.

"பாய் பார்த்ததுமே சொல்லிட்டாரு லா, வல்லூறாம். கூண்டு மேல உக்காந்து கம்பி வழியா தலைய நகத்தால இழுக்குமாம். நீயே எண்ணிப் பாருடி."

எண்ணினேன். சின்னப் பிள்ளைக்குக்கூட வித்தியாசம் தெரிந்திருக்கும். ஆனால் அத்தனை பேர் முன்னால் கத்திய வாய் அது, திறக்கவில்லை. அவர் போன பிறகு யார் மேலாவது கோபப்பட எனக்கு ஓர் ஆள் வேண்டியிருந்தது. நீ அகப்பட்டாய். வானத்தில் போகிற பறவையிடம் போய் நான் எப்படிச் சண்டை போடுவேன்?

"நீ ஒன்னும் ஒத்துக்க வேணாம். வர வேணாம்னு மட்டும் ஃபோன் போட்டுடு" என்றாய். குயில் இறகுதான் என்று சொல்லிக் கதவைச் சாத்தினேன்.

மறுநாள் காலை ஏழு மணிக்கே கீழ்த்தளத்துக்கு வெளியே நாற்காலி போட்டு, கறுப்பியைத் துண்டில் சுற்றி மடியில் வைத்து உட்கார்ந்திருந்தாய். சமையலறை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே இருந்தேன். எட்டானது, ஒன்பதானது. ஒன்பதரைக்கு ஃபோன் போட்டேன், லைன் கிடைக்கவில்லை. ஒரு வேன் உள்ளே திரும்பியபோது நீ துண்டை இறுக்கிப் பிடித்தாய். அது லாண்டரி வேன். ஒன்பது ஐம்பதுக்கு லைன் கிடைத்தது. வர வேண்டாம், என் தப்பு என்றேன். முகம் தெரியாத ஆளிடம் அது சுலபமாக வந்தது.

அது தெரியாமல் நீ மதியம் வரை அங்கேயே இருந்தாய். யாரும் வரவில்லை, சாமிதான் காப்பாற்றியது என்று கேலாங் சிவன் கோயிலில் அர்ச்சனை செய்து, எனக்கும் விபூதி கொண்டுவந்தாய். வெட்கமில்லாமல் வாங்கிப் பூசிக்கொண்டேன். பிறகு எத்தனை வருஷம் சேர்ந்து டீ குடித்தோம்! நீ கேட்கவே இல்லை. நானும் சொல்லவில்லை. போன தீபாவளிக்கு முன்னால் நீ போய்ச் சேர்ந்துவிட்டாய். மூன்றாம் நாள் கறுப்பி என் கேட்டுக்கு வந்து நின்றது, திறந்துவிட்டேன்.

இன்று இறகை வெளிச்சத்தில் பிடித்து எண்ணினேன். நான்கு. போய் உன் கதவைத் தட்டினேன். அந்தப் பெண் திறந்தாள்.

"கூண்ட உள்ள வச்சிரும்மா, வல்லூறு சுத்துது. ஏதாச்சும் ஆனா பூனை மேல பழி போட்றாத. நான் போட்டேன். அது பண்ணலன்னு தெரிஞ்சும் வாயத் திறக்கல."

சரி ஆன்ட்டி என்று கூண்டைக் கழற்றிக்கொண்டு அவள் உள்ளே போய்விட்டாள். நான் இறகைப் பிடித்தபடி உன் வாசலிலேயே நின்றேன்.