தண்ணிமுறைக்குப் புது லைசன்ஸ்

ஜூன் 3, செவ்வாய்
சோழகக் காற்று நிற்கிறபாடில்லை. மடிக்கணினிக்குள் எங்கள் அக்கராயன் ஊரின் பாதி மண். துடைத்தேன், திரும்பவும் மண்.

பின்னேரம் தவராசா அண்ணை வந்தார், எங்கள் குளத்து விவசாயிகளின் கமக்காரர் அமைப்புச் செயலாளர். கதிரையில் இருக்க முன்னமே போனை நீட்டினார்.

"தம்பி, உன்ர தண்ணிமுறையை ஆருக்கும் வித்திட்டியோ?"

கொழும்புக் கொம்பனி ஒன்றின் புது ஆப். எந்த வாய்க்காலுக்கு எப்போது தண்ணீர் என்று குளத்துக் கமக்காரருக்குச் சொல்கிறது. நான் எழுதிய 'தண்ணிமுறை' ஆப் நாலு வருடமாகக் காசு வாங்காமல் செய்வதும் அதைத்தான். உள்ளே பார்த்தேன். என் கணக்கு, என் நாட்காட்டி, மனைவி வதனியின் குரல். நாங்கள் பிறகு திருத்திய பிழைகூட அப்படியே இருக்கிறது. எல்லாம் என்னுடையது! புதிதாக இரண்டே இரண்டு: அடையாள அட்டை நம்பர் கேட்கிறது, கீழே பூச்சிமருந்து விளம்பரம்.

கடைசிப் பக்கத்தில் எறும்பளவு எழுத்தில் எங்கள் பெயர். ஆகவே சட்டப்படி சரி. நான் போட்ட லைசன்ஸ் அப்படி: யாரும் எடுக்கலாம், மாற்றலாம், மாற்றியதைப் பூட்டி வைக்கலாம், பெயரைப் போட்டால் போதும். அன்றைக்குப் பெரிய மனசுக்காரன் என்ற நினைப்பு எனக்கு.

ஜூன் 4, புதன்
வெயில். பாடசாலையில் தரம் ஒன்பதுக்கு ஏதோ படிப்பித்தேன், என்னவென்று ஞாபகமில்லை.

முடிவு: காப்பிலெஃப்ட். எடுக்கலாம், மாற்றலாம், விற்கவும் செய்யலாம். ஆனால் மாற்றியதை வெளியே கொடுத்தால் அதன் கோட் (நிரல்) முழுவதையும் அதேபோலத் திறந்து கொடுக்க வேண்டும். கொம்பனி ஏற்கெனவே எடுத்தது எடுத்ததுதான். இனி எழுதுவதற்குத்தான் இது.

செய்ய வேண்டியவை:
– லைசன்ஸ் கோப்பு
– கோட் எழுதிய எல்லாரிடமும் சம்மதம் (கட்டாயம் இல்லையாம். கேட்காமல் செய்தால் எனக்கும் கொம்பனிக்கும் என்ன வித்தியாசம்?)
– சைக்கிள் ரியூப்
– தரம் 9 விடைத்தாள்

தவராசா அண்ணைக்கு விளங்கப்படுத்தப் போய் வாங்கிக் கட்டினேன். "மேல் வாய்க்கால்காரர் தண்ணி எடுத்தால் கீழுக்கும் விடவேணும் எல்லே, அது மாதிரி அண்ணை" என்றேன். சிரிக்கிறார்.

"அவன் எடுத்தால் எனக்குத் தண்ணி குறையும். உன்ர கோட்டில என்னடா குறைஞ்சது? உனக்குச் சூடு பிடிச்சிட்டுது, அவ்வளவுதான்."

சூடுதான். இல்லையென்று யார் சொன்னது?

ஜூன் 6, வெள்ளி
செட்டிகுளத்திலிருந்து ரிஸ்னாவின் பதில். எஸ்எம்எஸ் பகுதி அவள் எழுதியது. "ஓம் அண்ணா, சம்மதம். வட்டிலப்பத்துக்குக் கருப்பட்டி சீவிக்கொண்டு எழுதுறன், எழுத்துப்பிழையப் பாக்காதீங்க." நாளை அவர்களுக்குப் பெருநாள். வாழ்த்துப் போட்டேன்.

கோட் எழுதிய மூன்றாவது ஆள் கஜன் லண்டனிலிருந்து ஒரு கட்டைவிரல் குறி மட்டும் அனுப்பினான். அது சம்மதமா, சும்மாவா? திரும்பக் கேட்டேன். "ஓமடா ஓம்."

நான், ரிஸ்னா, கஜன். முடிந்தது! ரியூப் இன்னும் வாங்கவில்லை.

ஜூன் 7, சனி
காலையில் வதனியிடம் சொன்னேன், எல்லாரும் ஓம் என்றுவிட்டார்கள் என்று. அவள் உடுப்பு மடித்துக்கொண்டிருந்தாள்.

"எல்லாரும் எண்டா ஆர்?"

பெயர்களைச் சொன்னேன்.

"என்ர பேர் எங்க?"

"நீர் கோட் எழுதேல்லையே." வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம்.

உடுப்பை வைத்துவிட்டாள். "நேற்று என்ர வகுப்புப் பிள்ளையின்ர அம்மா பள்ளிக்கூடத்துக்கு வந்தவா. 'ரீச்சர், நீங்கள் கேட்டபடியால்தான் ஐடி நம்பர் குடுத்தனான், இப்ப மருந்து வாங்கு எண்டு ஒரே போன்' எண்டா. நான் எப்ப கேட்டனான்?"

கொம்பனி ஆப்பைச் சத்தம் கூட்டிக் கேட்டேன். எங்களுக்கு அவள் வாசித்தது "வாய்க்கால் இலக்கத்தை அழுத்துங்கோ". முதல் சொல்லை வெட்டிவிட்டு, அடையாள அட்டை கேட்கும் இடத்தில் "இலக்கத்தை அழுத்துங்கோ". அதே குரல், அதே பணிவு.

நாலு வருடத்துக்கு முன் குசினிக் கதவைச் சாத்திவிட்டுப் பதிந்தது. கோட்டோடு குரலையும் சேர்த்து உலகத்துக்கே எழுதிக்கொடுத்தேன் என்று அவளிடம் சொல்லவில்லை. மறைக்கவில்லை. கேட்க வேண்டும் என்றே தோன்றவில்லை.

"இப்ப கேக்கிறன். புதுசில உம்மட குரலும் போகலாமோ?"

"முதல்ல என்ர குரலை வெளிய எடுங்கோ. எடுத்துப்போட்டுக் கேளுங்கோ."

"எடுத்தால் ஆக்களுக்குப் போன் ஊமையாப் போயிடும். செவ்வாய் தண்ணி முறை மாறுது."

"உள்ள வைச்சுக்கொண்டு கேட்டால் அது கேக்கிறதே?"

ஜூன் 8, ஞாயிறு
எடுத்தேன். நூற்றுப் பதினெட்டுக் குரல் கோப்புகள். ஒன்றொன்றாய்க் கேட்டு அழித்தேன், ஏன் கேட்டேன் என்று தெரியவில்லை. ஓரிடத்தில் பின்னால் குக்கர் விசில்.

கொம்பனிக்கும் எழுதினேன், குரலை எடுக்கச் சொல்லி. கிடைத்தது, நன்றி என்று இயந்திரப் பதில்.

மத்தியானம், சோற்றுக்குப் பிறகு, வதனியிடம் திரும்பக் கேட்டேன். புது லைசன்ஸைத் தமிழில் சொல்லச் சொன்னாள். வரி வரியாகச் சொன்னேன். ஓரிடத்தில் நிற்பாட்டினாள்.

"விக்கலாமோ?"

"ஓம். கோட் முழுக்கத் திறந்து வைச்சால் விக்கலாம்."

"அப்ப இதிலயும் என்ர குரலை வைச்சு மருந்து விக்கலாம்."

"...ஓம்."

"கோட்டுக்கு என்னவும் செய்யுங்கோ. குரல் இல்லை."

கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் சண்டையாவது பிடித்திருப்பேன்.

ஜூன் 9, திங்கள்
காற்று. புதுப் பதிப்பு புது லைசன்ஸோடு காலை வெளியே போனது. ஒரு சந்தோசமும் இல்லை.

குறுஞ்செய்தி போகிறது, ஆனால் பாதிப் பேர் அதைத் திறப்பதில்லை. நாளை மூன்றாம் வாய்க்காலுக்கு முறை, பதினாறு பேர். ஒவ்வொருவருக்கும் நானே போன் எடுத்துச் சொல்வதைவிட வேறு வழியில்லை. முதலாவது, வாய்க்கால் கடைசிக் காணிக்கார அக்கா.

"நாளைக்குக் காலம ஆறு மணிக்கு உங்கட முறை அக்கா."

"ஏன் நீங்கள் சொல்லுறியள்? ரீச்சருக்குச் சுகமில்லையோ?"

"சுகமா இருக்கிறா அக்கா. அவான்ர குரலை அவாவைக் கேளாமத்தான் நான் இவ்வளவு நாளும் போட்டு வைச்சிருந்தனான்" என்றேன்.

அக்கா அந்தச் சொல்லையே பிடித்துக்கொண்டார். "கேளாமலோ?"