மஞ்சள் பைக்குள் போகாதது

லாச்சப்பல், பரிஸ்
20.11.2011

அன்புள்ள மிருணாளினிக்கு,

எப்போது அழைத்தாலும் மாமி தொலைபேசியை எடுத்து நீர் நித்திரை என்கிறா. ஏழு கிழமையாக ஒருவர் இவ்வளவு நித்திரை கொள்ள முடியாது என்று எனக்கும் தெரியும், மாமிக்கும் தெரியும். அதனால் எழுதுகிறேன். ஜேர்மனியில், டோட்முண்டில் இப்போதே குளிர் கடுமை என்று கேள்வி. காலுறை போடாமல் குசினியில் நிற்க வேண்டாம். இரும்புச்சத்துக் குளிசை முடிந்திருக்கும், அங்கேயே ஒரு டொக்டரிடம் காட்டி எழுதி எடும்.

இங்கே எங்கள் சார்செல் வீட்டு லிப்ட் இன்னும் திருத்தவில்லை. ஒன்பது மாடி ஏறி இறங்கி எனக்கு வயிறு குறைந்துவிட்டது, நீர் பார்த்தால் சந்தோசப்படுவீர். தனியாளுக்குச் சமைக்க மனம் வராது. வேலை முடிய ரூ பெர்தொனே தெருவில் இராஜேந்திரன் அண்ணையின் கடையில் சாப்பிட்டுவிட்டுத்தான் ரயில் ஏறுகிறேன். இதையும் அவருடைய கடை மேசையில் இருந்துதான் எழுதுகிறேன். உம்மை விசாரித்தார். தாயிடம் போயிருக்கிறா என்று மட்டும் சொன்னேன்.

போகிற அன்று கதவடியில் நின்று நீர் என்னிடம் ஒன்று கேட்டீர். “எங்கட பிள்ளையை எந்தப் பையிலை போட்டவை? உங்கட வண்டிலிலையோ கொண்டு போனனீங்கள்?” நான் பேசாமல் நின்றேன். அதை நீர் ஓம் என்று எடுத்துக்கொண்டு படியிறங்கிவிட்டீர். மிருணா, ஒரு பையிலும் போடவில்லை. என் வண்டிலில் வரவுமில்லை. இதை முதலில் நம்பும், பிறகு மிச்சத்தை வாசியும்.

நீர் பிள்ளை பெற்ற அதே ஆஸ்பத்திரியில் ஆறு வருடமாகக் கழிவு தள்ளுகிறவன் நான். வீட்டு வாசலில் சுங்க அதிகாரி மாதிரி நின்று, குளிக்காமல் ஒன்றையும் தொடக்கூடாது என்று சொல்லுவீரே, அந்த வேலையில் எது கழிவு, எது கழிவில்லை என்று சட்டம் எழுதி வைத்திருக்கிறது. நோயாளி வாசித்த பேப்பர், வாடின பூ, மிஞ்சின சாப்பாடு எல்லாம் கறுப்புப் பை. இரத்தம் ஊறின பஞ்சும் கட்டுத்துணியும் மஞ்சள் பை. ஊசியும் கத்தியும் கடினமான மஞ்சள் பெட்டி. மூடியை ஒருதரம் பூட்டினால் பிறகு திறக்கக்கூடாது. எங்களுடையதைப் போலப் பெரிய ஆஸ்பத்திரியில் மூன்று நாளுக்கு மேல் அதை வைத்திருக்கவும் கூடாது. ஆனால் மனித உடம்பின் பகுதி, தொழில் தெரியாத ஒருவர் பார்த்தாலும் இன்னதென்று அறியக்கூடியதாக இருந்தால், அது இந்தப் பைகளுக்குள் போகாது. ஒரு விரல் என்றாலும் தகனத்துக்குத்தான் போகவேண்டும். எங்கள் பிள்ளைக்கு விரல்கள் இருந்தன, மிருணா. அவளை யாரும் குப்பையில் சேர்க்கவில்லை.

அவள் என்று எழுதிவிட்டேன். பொம்பிளைப் பிள்ளை. இதை உமக்கு இப்படித் தெரியப்படுத்துவதற்கு என்னை மன்னியும்.

இதெல்லாம் அன்றே தெரிந்தவன் ஏன் வாய் திறக்கவில்லை என்று கேட்பீர். திறந்தால் மற்றதையும் சொல்லவேண்டி வந்திருக்கும். பிள்ளை பிறந்த அன்று மருத்துவிச்சி மூன்றுதரம் என்னிடம் ஏதோ கேட்டா, நினைவிருக்கிறதா? என்ன கேட்கிறா என்று நீரும் கேட்டீர். இரத்த அழுத்தம் பற்றி என்று சொன்னேன். அது பொய். தாய் பிள்ளையைப் பார்க்க விரும்புகிறாவா, ஒருதரம் கையில் வைத்திருக்க விரும்புகிறாவா என்றுதான் அவ கேட்டா. நான் உமக்குச் சொல்லாமலே, வேண்டாம் என்று பிரெஞ்சில் பதில் சொன்னேன். மூன்றுதரமும் சொன்னேன்.

அதற்குச் சற்று முன்தான் மாமியோடு தொலைபேசியில் கதைத்திருந்தேன். வயிற்றிலேயே போனதுக்குக் கிரியை இல்லை, தீட்டுத் துடக்கும் இல்லை, தாய்க்குக் காட்டினால் மறக்கமாட்டாள் என்று சொன்னா. அவவோடு கோபிக்க வேண்டாம், தெரிந்ததைச் சொன்னா. எனக்கு அது வசதியாக இருந்தது, அதுதான் உண்மை. பார்க்கப் பயமாக இருந்தது. ஆஸ்பத்திரியே பார்த்துக்கொள்ளட்டும் என்ற பத்திரத்தில் கையெழுத்தும் வைத்தேன். துடக்கில்லைத்தானே என்று மூன்றாம் நாளே வேலைக்கும் போனேன்.

மனம் மாறினால் தாய் தகப்பனுக்குப் பத்து நாள் தவணை உண்டு. கேட்டால் பிள்ளையைக் கையில் தருவார்கள். அந்தப் பத்து நாளில் நான் வேலை செய்த ஏழு நாளும் பிரேத அறைக் கதவைத் தாண்டித்தான் என் வண்டில் போனது. ஒருநாளும் நான் தட்டவில்லை. வீட்டுக்கு வந்து உமக்கு இடியப்பம் வாங்கி வைத்துவிட்டு, எல்லாம் முடிந்தது, அழாதையும் என்று சொன்னேன்.

நீர் போனபிறகுதான் தட்டினேன். அங்கே ரோசாலி என்று ஒரு புதுச்சேரி அம்மா பதிவேடு எழுதுகிறா. நான் யாரென்று சொன்னதும் கதிரையை இழுத்துப் போட்டா. “தம்பி, நீங்க வருவீங்கன்னு அந்தப் பத்து நாளும் பார்த்துக்கிட்டே இருந்தேன்” என்றா. தமிழ்ப் பெயரைக் கண்டு, ஒரு வெள்ளைத் துணியைத் தானே தைத்துச் சுற்றினாவாம். பன்னிரண்டாம் நாள் தகனம் நடந்தது. சாம்பல் தருவதில்லை, நகரத்துக்கு வெளியே ஒரு மயானத்தின் புல்தரையில் தூவுகிறார்கள்.

போன ஞாயிறு அங்கே போனேன். ஒரு பால் பைக்கற் வாங்கிக்கொண்டு போனேன். ஊற்றக் கை வரவில்லை. உம்மை விட்டுவிட்டு அதையும் நான் ஒருவனாகச் செய்தால், செய்த பிழையையே திரும்பச் செய்ததாகும் என்று பட்டது. பாலைத் திருப்பிக் கொண்டுவந்தேன்.

ரோசாலி அம்மா இன்னொன்றும் சொன்னா. பிரசவச் சான்றிதழோடு நகரசபைக்குப் போனால், உயிரில்லாமல் பிறந்த பிள்ளை என்று பதிந்து எங்கள் குடும்பப் புத்தகத்திலும் எழுதுவார்களாம். அதற்குத் தவணை இல்லை. சான்றிதழை மருத்துவிச்சியிடம் வாங்கிவிட்டேன். பெயர் வைக்கலாம், வைக்காமலும் விடலாம். நகரசபைப் பத்திரம் எனக்கு முன்னால் இருக்கிறது. திகதி, இடம், தகப்பன், தாய் எல்லாம் நிரப்பியாயிற்று.

உம்மைத் திரும்பி வரச்சொல்லிக் கேட்க எனக்கு முகமில்லை. என்னோடு கதைக்க வேண்டாம், கோபம் ஆறவும் வேண்டாம். வயிற்றில் இருந்தபோது அவளை ஏதோ சொல்லிக் கூப்பிட்டிருப்பீர். நான் கேட்டதில்லை. இப்போது கேட்கிறேன். ஒரு துண்டில் அதை மட்டும் எழுதி அனுப்பும். நீர் எழுதுகிறதை ஓர் எழுத்தும் மாற்றாமல் பதிவேன். கடவுள் உம்மைச் சுகமாக வைத்திருக்க வேண்டும்.

அவளுடைய தகப்பன்,
லவன்