பாட்டு நின்றால் கருவி கீழே

நாள் 118, 07:40

துளையிடும் கூடம், நிலவின் தென்முனைப் பள்ளம். வெளியே மைனஸ் 190 டிகிரி, உள்ளே 17. பம்புகள் மூன்றும் ஓடுகின்றன. நேற்று எடுத்த பனி 40 கிலோ. காப்பித்தூள் தீர்ந்தது.

எழுதுபவன் இசக்கியப்பன், இயந்திரப் பொறியாளர். உடனிருப்பவர் அருளப்பன் அண்ணாச்சி, பனி ஆய்வாளர், உவரிக்காரர், வயது ஐம்பத்து நான்கு. எங்களைத் தவிர இந்தப் பள்ளத்தில் ஈ காக்கை கிடையாது.

பம்பு இரைச்சலில் கத்திப் பிரயோஜனமில்லை. ஆகவே இருவர் தலையிலும் வயர்லெஸ் ஹெட்போன். என் கையிலுள்ள ஸ்மார்ட்வாட்சிலிருந்து இரண்டுக்கும் ஒரே பாட்டு. யார் தன் ஹெட்போனைத் தட்டினாலும் இருவருக்கும் பாட்டு நிற்கும். நிலைய விதிப்புத்தகம் முந்நூறு பக்கம்; நாங்கள் மதிப்பது நானே வகுத்த ஒன்றைத்தான்: பாட்டு நின்றால் கருவி கீழே. ஏன், எதற்கு என்று கேட்கக் கூடாது. மூன்றாம் வாரம் அண்ணாச்சி தட்டினார், கையை எடுத்தேன், அடுத்த நொடி துளைக்கம்பி முறிந்து என் கை இருந்த இடத்தைக் கிழித்தது. இன்றைக்குப் பத்து விரலோடு எழுதுவது அந்த ஒரு தட்டின் புண்ணியம்.

இப்போது ஓடுவது எங்கள் ஊர் அம்மன் கோயில் கொடைவிழா மேளம். மச்சான் பதிந்து அனுப்பியது, 41 நிமிடம், முடிந்தால் மறுபடி ஓடும். அண்ணாச்சிக்கு ஆகாது. “ஏ வே, இந்தக் கொட்டுக்குப் பம்பு எவ்வளவோ மேலு. எங்க கோயில் திருநாளுக்கு பேண்டு செட்டு வாசிப்பான், அதக் கேட்டிருக்கீரா நீரு?” என்று சாப்பிடும்போதே ஆரம்பித்துவிட்டார். பிறகு பனி மாதிரிக் கிடங்குக்குக் கிளம்பினார். போகும்போது என்னைப் பார்த்து ஏதோ சொன்னார். மேளம் உச்சத்தில் இருந்ததால் காதில் விழவில்லை. தலையாட்டி வைத்தேன்.

09:12

நிலநடுக்கம். பதினொரு விநாடி. கிடங்குக்குப் போகும் வழி இடிந்து மூடிவிட்டது. நான்கு மீட்டர் தடிமனுக்குப் பனியும் கல்லும். கேபிள் அறுந்ததால் உள்ளே காற்று இருக்கிறதா, விளக்கு எரிகிறதா, எதுவும் தெரியவில்லை. அண்ணாச்சியின் விண்வெளி உடை என் பக்கம் தொங்குகிறது. ரேடியோவும் அதில்தான். உள்ளே வெறும் சட்டையோடு இருக்கிறார். இருக்கிறார் என்றுதான் எழுதுவேன்.

09:30

வாட்சைப் பார்த்தேன். “ஹெட்போன் 2 இணைப்பில் உள்ளது. சார்ஜ் 74.” பனி வானொலி அலையைத் தடுக்கவில்லை. மேளம் இன்னும் அவர் காதில் ஓடுகிறது. பதிலுக்கு அவர் பேச வழியில்லை. இரைச்சலில் வீண் என்று மைக் இல்லாத ஹெட்போனாக வாங்கியிருக்கிறார்கள். அந்தப் புத்திசாலி என் கையில் கிடைக்கட்டும்.

10:05

பூமியிலுள்ள தரைக் கட்டுப்பாட்டு அறை: “இசக்கி சார், மெஹர்பானு பேசறேன். முதல் நிலையத்துலேர்ந்து வண்டி கிளம்பிடுச்சு. வந்து சேர இருபத்தாறு மணி நேரம் ஆகும். கிடங்குல இருக்கற காத்து பதினாலு மணி நேரத்துக்குத்தான் வரும். துளை போடலாமா வேணாமான்னு எங்களால இங்கேர்ந்து சொல்ல முடியல சார். சுவர் எப்படி இருக்குன்னு உங்களுக்குத்தான் தெரியும்.”

மிச்சம் பன்னிரண்டு மணி நேரம் மூச்சை அடக்க அண்ணாச்சி என்ன யோகியா? கைத்துளைப்பானை எடுத்துவிட்டேன். ஒரு விரல் அகலத் துளை போதும், குழாயை நுழைத்துக் காற்று கொடுத்துவிடுவேன்.

10:40 துளை தொடக்கம்.

10:42 பாட்டு நின்றது! நான் வாட்சைத் தொடவில்லை. தட்டியது அண்ணாச்சி. உயிரோடு இருக்கிறார். தரையில் உட்கார்ந்து அழுதேன். பதிவேட்டில் இதையெல்லாம் எழுதக் கூடாதென்றால் கிழித்துக்கொள்ளட்டும்.

10:46

பாட்டை மறுபடி போட்டேன். பத்து நிமிடம் ஒலி வராவிட்டால் ஹெட்போன் தானாக அணைந்துவிடும். அது மட்டும் நடக்கக் கூடாது. துளை தொடர்கிறது.

12:45

0.9 மீட்டர். துளைமுனை சூடேறியதால் 12:15-க்கு நிறுத்தினேன். அவருக்காக பேண்டு செட் பாட்டைத் தேடிப் போட்டேன், அவரே ஏற்றி வைத்தது. அரை மணி நேரமாக ஒரு தட்டுக்கூட இல்லை. மயங்கிவிட்டாரா?

12:47 மீண்டும் துளை.

12:48 பாட்டு நின்றது. எனக்குப் போன உயிர் வந்தது. போட்டுவிட்டேன், துளை தொடர்கிறது.

14:20

1.7 மீட்டர். விரல்கள் மரத்துவிட்டன. வாட்ச் சார்ஜ் 38, அவருடையது 41. நடுவில் இரண்டு முறை நின்றது, இரண்டு முறையும் போட்டேன். கொஞ்சம் பொறுங்க அண்ணாச்சி, வந்துகிட்டே இருக்கேன்.

15:48 ஓய்வுக்குப் பின் துளை.

15:48 நின்றது. போட்டேன். நின்றது. போட்டேன். உடனே நின்றது. நான் நெருங்கும் சத்தம் கேட்டுவிட்டது போல. சின்னப்பிள்ளை மாதிரி குஷியில் தட்டித் தள்ளுகிறார்.

15:52

தரை ஒரு உதறு உதறியது. என் பக்கச் சுவரில் கீறல்கூட இல்லை. 2.3 மீட்டர்.

15:55

வாட்ச்: “ஹெட்போன் 2 இயங்கும் வெப்பநிலைக்குக் கீழே உள்ளது.”

16:10

குழாயில் மாட்டுவதற்கு ஆக்சிஜன் குப்பி எடுக்கப் போனேன். ஆறு இருக்க வேண்டிய இடத்தில் நான்கு. அடுக்கில் ஒரு துண்டுத்தாள், அண்ணாச்சியின் கோணல் எழுத்து: “குப்பி 2, கிடங்குக்கு எடுத்துச் செல்கிறேன். இசக்கியிடம் சொல்லியாச்சு.”

இரண்டு குப்பி இருந்தால் கூடுதலாக முப்பது மணி நேரம். வண்டி வரும்வரை அவருக்குக் காற்று இருந்தது. காலையில் அதைத்தான் சொல்லியிருக்கிறார். நான் தலையாட்டினேன்.

16:25

மெஹர்பானு: “சார், பாட்டு நின்ன நேரமெல்லாம் வாசிங்க, குறிச்சுக்கறேன்.” வாசித்தேன். “துளை ஆரம்பிச்ச நேரத்தையும் வாசிங்க சார்.” வாசித்தேன். இரண்டு பட்டியலையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள் போல. பிறகு, “சார்... நீங்க ஓய்வு எடுத்தப்ப ஒருதடவகூட நிக்கலயே,” என்றாள்.

இந்தப் பதிவேட்டை முதலிலிருந்து படித்தேன். 07:40. என் கையெழுத்து. பாட்டு நின்றால் கருவி கீழே.

16:40

அந்தப் பக்கம், வெளிச்சுவரில், வெடிப்பு விட்டிருக்கிறது; அவர் ஹெட்போன் குளிர்ந்தது அதனால்தான். நான் துளைக்கும் ஒவ்வொரு தடவையும் அது வளர்வதைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார். நிறுத்து என்று ஆறேழு முறை சொன்னார். விதியை வகுத்த நானே, “உயிரோடு இருக்கிறார், இருக்கிறார்” என்று கூத்தாடி, பாட்டைப் போட்டுவிட்டுத் துளைத்தேன். என் கையைக் காப்பாற்றிய மனுஷனை அந்தக் கையாலேயே

17:05

இந்த வாட்சில் குரல் பதியலாம். ஒரே பொத்தான். பதிந்ததை அவர் காதில் ஓடவிடலாம். ஆம் என்றால் ஒரு தட்டு, இல்லை என்றால் இரண்டு என்று கேட்டிருக்கலாம். நாள் முழுக்கத் தோன்றவில்லை. பாட்டுக் கேட்கும் சாமானாகவே பார்த்துப் பழகிவிட்டேன்.

பதிந்தேன்: “அண்ணாச்சி, இசக்கி பேசுதேன். துளப்பான கீழ வச்சிட்டேன். இனி தொட மாட்டேன். நீங்க ஒரே ஒரு தடவ நிறுத்துங்க அண்ணாச்சி.”

திரும்பத் திரும்ப ஓடுகிறது. அவர் ஹெட்போன் சார்ஜ் 19. குளிரில் சரசரவென்று இறங்குகிறது.

17:20 சார்ஜ் 11. ஓடுகிறது.

17:31 சார்ஜ் 6. ஓடுகிறது. நிறுத்துங்க.

17:40 ஓடுகிறது.

17:44 நின்றது.

நின்றது! கீழே வைக்கத் துளைப்பானைத் தேடினேன். அது கீழேதான் கிடக்கிறது.

17:46 ஹெட்போன் 2: சார்ஜ் 0.