மாடிப்படிக்குக் கீழே ஒரு துணி அறை

அன்புள்ள பெரியவளுக்கு அம்மா எழுதுவது. நாங்கள் மூன்று பேரும் சாப்பிட்டு, தூங்கி, சண்டை போட்டு நலமாக இருக்கிறோம், நீயும் அங்கே முதல் இரண்டையாவது ஒழுங்காகச் செய்கிறாய் என்று நம்புகிறேன். அப்பாவின் முழங்கால் வலி குறைந்துவிட்டது, கடைக்குப் போகச் சொன்னால் மட்டும் திரும்பி வந்துவிடுகிறது. போனில் நீ சின்னவளை விசாரித்தபோது "நல்லாருக்கேன்க்கா" என்று முடித்துவிட்டுப் போனை என் கையில் திணித்தாள் அல்லவா, நடந்தது அவ்வளவு சின்னது இல்லை, அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன், நிதானமாகப் படி.

நம் வீட்டில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவள் என்று அப்பா தெரு முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறார், அவளோ யாராவது நிறுத்தி வாழ்த்திவிடுவார்களோ என்று பயந்து பின் சந்து வழியாகவே போய் வருகிறாள். அப்படிப்பட்டவளுக்கு மழலையர் பள்ளியில் மூன்று மாதத் தற்காலிக வேலை. அங்கே தலைமை ஆசிரியையை எல்லோரும் பெரிய டீச்சர் என்றுதான் சொல்கிறார்கள். அவர் மாடிப்படிக்குக் கீழே கிடந்த காலி அறையைக் காட்டி, "மாசக் கடைசிக்குள்ள பிள்ளைங்க தானா வந்து இதுல விளையாடணும், இல்லேன்னா உடைஞ்ச பெஞ்சைப் போட்டுப் பூட்டிடுவேன், உங்களை மேற்கொண்டு வச்சுக்கவும் எனக்குக் காரணம் இருக்காது" என்று சொல்லிவிட்டார். இவளுக்கு வேண்டியது பொம்மை இல்லையாம், வெறும் துணியாம். துணியைக் கொடுத்தால் பிள்ளைகள் அதை ஆறாக்கும், வாலாக்கும், வீடாக்கும் என்று படித்திருக்கிறாள். விளையாட்டுச் சாமான் கடையில் அதற்கென்றே சதுரம் சதுரமாக வெட்டி விற்கிறார்கள், விலையைப் பார்த்த அப்பா, "இந்த விலைக்குத் துணி தானே எழுந்து விளையாடணும்டி" என்றார்.

ஆக நானும் அவளும் ஆளுக்கொரு பையோடு கிளம்பினோம். திரைச்சீலைக் கடையில் துணி மாதிரிகளை ஒட்டிக் காட்டுகிற பழைய புத்தகங்களைக் கழித்துப் போட்டிருந்தார்கள், உள்ளே இருந்த துண்டுகளைப் பிய்த்து எடுத்துக்கொண்டோம், கூடவே வெயிலில் வெளுத்துப்போன நீலத் திரை ஒன்றும் சும்மாவே கிடைத்தது. குடை ரிப்பேர்க்காரரிடம் கம்பி போன குடைகளின் கறுப்புத் துணி, கொசுவலை தைக்கிற இடத்தில் வெட்டி மிஞ்சிய வலை, லாட்ஜில் கறைபட்டு ஒதுக்கி எடைக்குப் போடுகிற படுக்கை விரிப்புகள் எல்லாம் சேர்ந்தன, விரிப்புகளைச் சோப்புப் போட்டு இரண்டு முறை கொதிக்க வைத்தேன். கட்பீஸ் கடையில்தான் வேடிக்கை. கடைக்காரர் ஒரு விலை சொன்னார், குறைத்துக் கேட்க வேண்டும் என்று இவள் வாயைத் திறக்கிறாள், சத்தம் வரவில்லை. துணியையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவராகக் கொஞ்சம் குறைத்தார். இவள் இன்னும் தைரியத்தைத் திரட்டிக்கொண்டிருக்கிறாள், அவர் மறுபடி குறைத்தார். கடைசியில், "போதும்மா, அப்படிப் பாக்காதீங்க, எனக்கும் பிள்ளைகுட்டி இருக்கு" என்று அவரே மடித்துக் கொடுத்துவிட்டார். வெளியே வந்து, "ஏம்மா, அவரு எதுக்குக் கோச்சுக்கிட்டாரு" என்று கேட்கிறாள். இத்தனை வருடம் தொண்டை கிழியப் பேரம் பேசியதை நினைத்து எனக்கே வெட்கமாகிவிட்டது.

அதற்குப் பிறகுதான் உன் அம்மா காரியத்தைக் கெடுத்தாள். ஆயத்த ஆடைக் கம்பெனியில் இருபத்தாறு வருடம் ஓரம் அடித்த கை இது, நூல் பிரிந்து தொங்குகிற துணியைப் பார்த்தால் எனக்குப் பல் கூசும். அவள் பள்ளிக்குப் போன நேரத்தில் மெஷினில் உட்கார்ந்தேன். ராஜாவுக்கு அங்கி, டாக்டருக்குக் கோட்டு, போலீஸுக்குக் கால்சட்டை, வால் வைத்த பூனைச் சட்டை, எல்லாவற்றுக்கும் பொத்தான், பை, காலர். அப்பா இஸ்திரி போட்டு அடுக்கினார். வந்து பார்த்தவள் "நல்லாருக்கும்மா" என்றாள். அவள் அதை இரண்டு முறை சொன்னால் பிடிக்கவில்லை என்று அர்த்தம், உனக்கே தெரியும், அன்று மூன்று முறை சொன்னாள். ஆனாலும் என் மனம் நோகக் கூடாதென்று எடுத்துப் போனாள். அங்கே ஒரே போலீஸ் கால்சட்டைக்கு ஐந்து பேர் அடித்துக்கொண்டார்களாம். ராஜா அங்கி போட்ட பையன் அது தடுக்கி விழுந்து, எனக்கு ராஜா வேலையே வேண்டாம் என்று அழுதுகொண்டு போய்விட்டானாம். மற்றவர்கள் பொத்தான் போட்டுக்கொள்ள இவள் முன்னால் வரிசையில் நின்றார்கள், நின்றபடியே மணி அடித்துவிட்டது. பெரிய டீச்சர் எட்டிப் பார்த்து, "என்னம்மா, டெய்லர் கடை திறந்துட்டீங்களா" என்று கேட்டுவிட்டு, வெள்ளிக்கிழமை வந்து பார்த்து முடிவு சொல்வதாகச் சொல்லிப் போனார். நடுவில் இரண்டே நாள்.

வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல், "அம்மா, எல்லாத்தையும் பிரிச்சுடும்மா" என்றாள். அவள் பிறந்ததிலிருந்து என்னை எதிர்த்துச் சொன்ன முதல் பேச்சு. எனக்குச் சுருக்கென்றது. "படிச்சவ சொல்ற, நீயே பிரிச்சுக்கோ" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவள் பிளேடை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். அவள் பிளேடு பிடித்த லட்சணத்தைப் பார்த்ததும் துணியும் போகும் விரலும் போகும் என்று பதறி நானே பிடுங்கிக்கொண்டேன். என் தையல் அவ்வளவு லேசில் பிரியவில்லை, பெருமையும் வயிற்றெரிச்சலும் சேர்ந்தே வந்தன. அப்பா நூல் பொறுக்கினார். கை வைக்க வெட்டிய ஓட்டைகளை என்ன செய்வது என்றேன், "இருக்கட்டும்மா, அது வழியா எட்டிப் பாப்பாங்க" என்றாள்.

வெள்ளிக்கிழமை மூட்டை தூக்க என்னையும் கூட்டிப் போனாள். துணிகளை அறை நடுவில் குவித்துவிட்டு மூலையில் போய் உட்கார்ந்துகொண்டாள். கொஞ்ச நேரம் ஒன்றுமே நடக்கவில்லை. பிறகு ஒரு வாண்டு குடைத்துணியை முதுகில் போட்டுக்கொண்டு, நான் வௌவால் என்று சுவரோடு ஒட்டிக்கொண்டது. ஒருத்தி லாட்ஜ் விரிப்புக்கு அடியில் படுத்து, "நான் செத்துட்டேன், அப்புறமா வாங்க" என்று வந்தவர்களைத் திருப்பி அனுப்பினாள். கொசுவலை மழையானது. நாலு பேர் சேர்ந்து நீலத் திரையை வாசல் வரை இழுத்து விரித்தார்கள். அந்த நேரம் பார்த்துப் பெரிய டீச்சர் வருகைப் பதிவேடும் கையுமாக உள்ளே வந்து நேராக அதன் மேல் நின்றார். "டீச்சர், தண்ணில நிக்கிறீங்க" என்று அத்தனை பிள்ளைகளும் கத்தின. அவர் முகத்தில் சிரிப்பில்லை. கண்ணாடியை இறக்கிச் சின்னவளைப் பார்த்து, "எவ்வளவு ஆழம்" என்றார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். இவள் எழுந்து நின்று, "கழுத்தளவு டீச்சர், நீந்தித்தான் வரணும்" என்றாள். நம் சின்னவள்தான்! அந்த அம்மாள் பதிவேடு நனையாமல் ஒரு கையால் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மறு கையால் தண்ணீரை விலக்கி விலக்கி அக்கரைக்கு வந்து சேர்ந்தார். மூச்சு வாங்கிக்கொண்டு, "திங்கட்கிழமை ஆபீசுக்கு வாங்க, நிரந்தர ஆர்டர்ல கையெழுத்துப் போடணும்" என்று சொல்லிவிட்டு, போகும்போதும் நீந்தியே போனார்.

நீ வேலைக்குப் போனதால்தான் அவள் படித்தாள், அதை அவள் மறக்கவில்லை, சொல்லத்தான் தெரியவில்லை. அதனால் உனக்கு எல்லாம் தெரியும் என்று காட்டிக்கொள்ளாமல், வேலை எப்படிப் போகிறது என்று ஒரு வார்த்தை கேள், பிறகு நீ பேசாமல் இரு, மெதுவாக அவளே சொல்லுவாள். குளிரில் தலைக்குக் குளித்துவிட்டு ஈரத்தோடு வேலைக்கு ஓடாதே. நீ எடுத்த காரியம் எல்லாம் கைகூடி, உடம்பில் நோயும் மனதில் குறையும் இல்லாமல் நூறாண்டு இருக்க வேண்டும், அப்பாவும் ஆசி சொல்லச் சொன்னார்.

என்றும் உன் நினைவாக,
அம்மா