படிக்காமல் விட்ட வரி

அம்மா,

இன்று காலை ஒருவருக்குத் துணையாகக் கூட்டுறவுச் சங்கத்துக்குப் போயிருந்தேன். அவர் மைப்பெட்டியில் கட்டைவிரலை வைத்து எடுத்ததும் அந்த ஊதா மையின் வாசனை எழுந்தது. உங்கள் நினைவு வந்துவிட்டது. நீங்கள் காலமாகி ஆறு மாதம் ஆகிறது. இருந்தபோது சொல்லாததை இப்போது எழுதுகிறேன்.

உத்திரமேரூர் நூலகத்துக்கு நீங்கள் நூலகராக மாற்றலாகி வந்தபோது முன்னறை எங்களுடையது. தினமும் காலையில் வாசலோரப் பெஞ்சில் உட்கார்ந்து பத்திரிகையை உரக்கப் படிப்பேன். எழுத்து தெரியாதவர்கள் படிவரை உட்கார்ந்து கேட்பார்கள். நான் பள்ளிக்கூடம் போனவன் இல்லை. மளிகைப் பொட்டலக் காகிதங்களில் எழுத்துக் கூட்டிப் படித்தவன். அந்தப் பெஞ்சு எனக்கு யாரும் கொடுத்ததல்ல.

முதியோர் கல்வி வகுப்பு முடித்த பெண்கள் நூலகம் தேடி வந்தார்கள். வாசலை அடைத்து ஆண்கள் உட்கார்ந்திருக்க, அவர்களைத் தாண்டி எப்படி உள்ளே போவார்கள்? திரும்பிவிட்டார்கள். கட்டடத்தைப் பழுதுபார்க்க உத்தரவு வந்ததும், முன்னறை பெண்களுக்கு, பூட்டிய அலமாரிகள் இனித் திறந்திருக்கும், நாங்கள் பின்பக்கத் தகரக் கொட்டகைக்கு என்று சொன்னீர்கள்.

“கத்துக்கிட்ட எழுத்து மறக்கறதுக்குள்ள அவங்களுக்கு ஒரு இடம் வேணும், பெரியவரே.”

“எனக்கு எவன் கதவத் தொறந்து வுட்டான்?” என்று கேட்டுவிட்டு வந்தேன்.

அன்றே மேலிடத்துக்கு மனு எழுதினேன். பத்திரிகை வாசிப்பு நின்றுபோகும் என்று ஒரு வரி. பெண்களுக்கு முன்னறை தருவது ஊர் வழக்கத்துக்கு ஒவ்வாது என்று இன்னொரு வரி. ஆட்களுக்குப் படித்துக் காட்டும்போது முதல் வரியோடு நிறுத்திக்கொண்டேன். நம்பிக் கைநாட்டு வைத்தார்கள். திருப்புலிவனத்து வண்டிக்காரரின் மனைவி கன்னியம்மா மட்டும், வகுப்பில் பழகிய கையெழுத்தை நாக்கைக் கடித்துக்கொண்டு போட்டாள். அச்சு எழுத்தைத்தான் அவளால் படிக்க முடியும். என் கிறுக்கல் புரியாது. அது எனக்குத் தெரியும்.

“பேப்பர் படிக்கறது நிக்கக் கூடாது நைனா. ஊர் ஒலகத்துல இன்னா நடக்குதுன்னு அவரு வூட்ல வந்து சொன்னாத்தான எனக்குத் தெரியும்” என்றாள்.

அதிகாரி விசாரணைக்கு வந்த நாளில் எல்லோரும் கூடியிருந்தார்கள். மனுவைப் பிரித்துக்கூடப் பார்க்காமல் உங்களிடம் நீட்டி, சத்தமாகப் படிக்கச் சொன்னார். அதன் நகல் முன்பே உங்களுக்கு வந்திருந்தது. அடுத்த வரியில் என் மானம் போகும் என்று நின்றேன். முதல் வரியைப் படித்தீர்கள். கன்னியம்மாவைப் பார்த்தீர்கள், பிறகு என்னை. காகிதத்தை மடித்தீர்கள்.

“இவ்வளவுதான் சார். இவர் படிக்கிறது நிக்காது. பின்னாடி இடம் போட்டுக் குடுத்துடறேன்.”

விசாரணை முடிந்தது. மறுநாள் காலை நானே பெஞ்சின் ஒரு முனையைத் தூக்கிப் பின்னால் கொண்டுபோனேன். அந்த இரண்டாம் வரியை ஏன் விட்டீர்கள் என்று உங்களிடம் கேட்கவே எனக்கு ஒரு வருடம் ஆனது.

“அதையும் படிச்சிருந்தா, அப்புறம் உங்ககிட்ட உக்காந்து யாரு கேப்பாங்க?” என்றீர்கள். பிறகு புத்தகத்துக்கு அட்டை போடக் குனிந்துவிட்டீர்கள்.

ஆனால் ஒன்று. அந்தக் கொட்டகை சித்திரையில் அடுப்பாகக் கொதிக்கிறது. தகரத்தின் மேல் கீற்று வேய்ந்து தருகிறேன் என்றீர்கள். வேயவில்லை. அதை மறக்க மாட்டேன்.

போன வாரம் கன்னியம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். முன்னறையில் ஒரு வார இதழை விரித்து வைத்திருந்தாள். நான் சொல்லி முடித்ததும் அதை மூடி வைத்தாள்.

“என் பேர வெச்சே என்ன வெளிய தள்ளப் பாத்தியா நைனா?”

மன்னிப்புக் கேட்டு எனக்குப் பழக்கமில்லை. அன்றும் கேட்கவில்லை. மறுநாள் காலை கொட்டகையில் நான் பத்திரிகையைப் பிரித்தபோது அவள் வந்தாள். உட்கார்ந்திருந்த ஆண்கள் காலை மடக்கி வழிவிட்டார்கள். என் தோளுக்குப் பின்னால் நின்று, அச்சைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். தினமும் வருகிறாள். நானும் படிக்கிறேன் அம்மா, ஒரு வரி விடாமல்.